அபூர்வமான பழைய கிளாரினெட் என்று விற்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் சரிபார்க்கும் முறை

போன மாதம் திருச்சியில் இருந்து ஒரு தம்பி நாலைந்து படங்கள் அனுப்பினார். கூடவே ஒரு வரி: "அண்ணே, பஃபே ஆர்13, 1950-கள், மிக அபூர்வம்னு போட்டிருக்காங்க. எடுத்துடலாமா?" நான் ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன்: "பின்பக்கம் என்ன நம்பர் அடிச்சிருக்கு?" விற்பவரிடம் கேட்டு அனுப்பினார். 41 ஆயிரத்துச் சொச்சம்.

பாரிஸின் பஃபே கிராம்போன் நிறுவனம் ஆர்13 மாடலைக் கொண்டுவந்தது 1955-ல். அதற்குள் அவர்களுடைய எண் வரிசை ஏறத்தாழ 50 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. அப்படியானால் தம்பி பார்த்தது ஆர்13 பிறப்பதற்கு முந்தைய பஃபே. நல்ல வாத்தியமாகவே இருக்கலாம், ஆனால் விளம்பரத்தில் சொன்ன வாத்தியம் அது இல்லை. உண்மையிலேயே ஆர்13 ஆக இருந்திருந்தாலும் 'அபூர்வம்' என்ற சொல் அதற்குப் பொருந்தாது. உலகம் முழுக்க ஆர்கெஸ்ட்ராக்களில் மிக அதிகமாகப் புழங்கும் தொழில்முறை கிளாரினெட்டுகளில் அதுவும் ஒன்று.

ஐந்து நிமிட வேலை, ஒரே ஒரு எண். பழைய கிளாரினெட் விஷயத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. விற்பவர் சொல்லும் கதைக்கான சாட்சி வாத்தியத்தின் மரத்திலும் உலோகத்திலும் இருக்கும். அந்தச் சாட்சியை எந்த வரிசையில் விசாரிப்பது என்று நான் பழகிக்கொண்டதைக் கீழே எழுதுகிறேன்.

படி 1: 'அபூர்வம்' என்ற சொல்லைப் பிரித்துப் போடுங்கள்

இந்த ஒரு சொல்லுக்குள் நாலு வேறு அர்த்தங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, செய்ததே குறைவு. இரண்டாவது, நிறையச் செய்தார்கள், ஆனால் இன்று மிஞ்சியிருப்பது குறைவு. மூன்றாவது, அந்த மாடல் சாதாரணம், ஆனால் இந்த ஒரு வாத்தியத்தில் மட்டும் ஏதோ விசேஷம்: கூடுதல் கீ (துளையை மூடித் திறக்கும் உலோக நெம்புகோல்), வேறு மரம், புகழ்பெற்ற ஒருவர் வாசித்தது. நான்காவதுதான் நடைமுறையில் அதிகம்: விற்பவர் இதுவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வீடு காலி செய்யும்போது கிடைத்த பெட்டியைத் திறந்து பார்த்து, நல்லெண்ணத்தோடுதான் அப்படி எழுதுகிறார்.

எனவே விளம்பரத்தை ஒரு தாளில் எடுத்து எழுதி, அதைச் சோதிக்கக்கூடிய சிறு சிறு கூற்றுகளாக உடையுங்கள். யார் செய்தது? எந்த மாடல்? எந்த ஆண்டு? என்ன பொருள்? எல்லாப் பாகமும் அசல்தானா? எதனால் அபூர்வம்? ஒவ்வொன்றுக்கும் எதிரே வாத்தியத்தில் எந்த இடத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிரே எதுவும் எழுத முடியாத கூற்று இருந்தால், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

படி 2: சரியான படங்களைக் கேளுங்கள்

விளம்பரப் படங்கள் அழகுக்காக எடுத்தவை. உங்களுக்கு வேண்டியவை வேறு. மரியாதையாக, ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள்:

- மௌத்பீஸ், பேரல் (மௌத்பீஸுக்கு அடுத்த சிறு துண்டு), மேல் பாகம், கீழ் பாகம், பெல் (அடியில் விரிந்த வாய்) என எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வைத்த ஒரு படம்
- எங்கெல்லாம் முத்திரை இருக்கிறதோ அங்கெல்லாம் கிட்டத்தில் ஒரு படம்
- மேல், கீழ் பாகங்களின் பின்பக்கத்தில் இருக்கும் எண்
- மௌத்பீஸ் இல்லாமல் பூட்டிய வாத்தியம், பக்கத்தில் அளவுகோலோடு
- ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்துளை வழியாக எடுத்த படம்
- கார்க் சுற்றிய மூட்டுகள், மேல் பாகத்தின் மேல் நுனி, கட்டைவிரல் துளைச் சுற்று

எண் படத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்லிக்கொடுங்கள். நேராக ஃபிளாஷ் போட்டால் கறுப்பு மரத்தில் எதுவும் தெரியாது. செல்போன் டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், தேய்ந்துபோன எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து எண் எழுந்து நிற்கும். நாற்பது வருடம் ஒரு விரல் தேய்த்த 7-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசத்தை இப்படித்தான் நான் கண்டுபிடிக்கிறேன்.

படம் தர மறுப்பவர் எல்லாரும் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் படம் வராத வாத்தியத்துக்கு அபூர்வ விலை தர எந்தக் காரணமும் இல்லை.

படி 3: பெயர் யாருடையது?

இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். முத்திரையில் இருக்கும் பெயர் எப்போதும் செய்தவரின் பெயர் அல்ல. பிரான்ஸின் நார்மண்டியில் லா கூத்தூர்-புஸ்ஸே என்று ஒரு ஊர். தலைமுறை தலைமுறையாக மரக் காற்றுவாத்தியம் செய்கிற ஊர் அது. அங்கிருந்தும், பொஹீமியாவின் கிராஸ்லிட்ஸ் ஊரில் இருந்தும் (இன்றைய செக் நாட்டின் கிராஸ்லிட்சே) கிளாரினெட்டுகள் ஆயிரக்கணக்கில் வெளியூர்க் கடைகளுக்குப் போயின. கடைக்காரர் எந்தப் பெயர் கேட்டாரோ அந்தப் பெயரை அடித்து அனுப்பினார்கள். இதற்கு ஸ்டென்சில் என்று பெயர். யாரும் கேள்விப்படாத ஒரு பிரெஞ்சுப் பெயர் கண்ணில் பட்டால் விற்பவருக்கு அது 'காணாமல் போன கைவினைஞர்'. உண்மையில் அது அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருந்த ஒரு கடைக்காரரின் பெயராக இருக்கவே அதிக வாய்ப்பு. அந்தப் பெயர் கொண்ட கிளாரினெட் உலகத்தில் பத்தே இருக்கலாம். அச்சு அசலாக அதே கிளாரினெட் வேறு பெயர்களில் பத்தாயிரம் இருக்கும்.

பெரிய நிறுவனங்களின் இரண்டாம் வரிசைப் பெயர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எவெட் அண்ட் ஷேஃபர் என்பது பஃபேயின் வீட்டுப் பெயர். 'எவெட்' என்ற பெயரோடு 'பஃபே ஆதரவில்' என்கிற வாசகமும் இருந்தால், அது வேறு தொழிற்சாலைகளில் செய்வித்த மாணவர் வாத்தியம். நோப்லே, நார்மண்டி, வீட்டோ மூன்றும் லெப்லான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் குடும்பம். இதில் வீட்டோ பெரும்பாலும் அமெரிக்காவின் கெனோஷாவில் செய்த பிளாஸ்டிக் கிளாரினெட். 'பண்டி' என்பது செல்மரின் அமெரிக்கக் கிளை விற்ற மாணவர் வாத்தியம். அதை "செல்மர்" என்று மட்டும் சொல்லி விற்றால் பாதி உண்மைதான். பாரிஸ் செல்மரா, அமெரிக்கச் செல்மரா என்பதில் விலையே அடியோடு மாறும்.

அடுத்து, 'ஆல்பர்ட்'. இந்தக் குழப்பத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யூஜீன் ஆல்பர்ட் 19-ம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்தவர். அவரும் அவர் மகன்களும் செய்த கிளாரினெட்டுகள் இங்கிலாந்தில் அந்தக் காலத்துப் பெரிய வித்வான்கள் விரும்பி வாசித்தவை. ஹென்றி லாசரஸ் அவர்களில் ஒருவர். அந்தப் பட்டறையில் இருந்து வந்த, நல்ல நிலையில் உள்ள ஒரு ஜோடி இன்று கிடைத்தால் அது நிஜமாகவே பெரிய விஷயம். ஆனால் 'ஆல்பர்ட் சிஸ்டம்' என்பது ஒரு கீ அமைப்பின் பெயர். அந்த அமைப்பில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ தொழிற்சாலைகள் 20-ம் நூற்றாண்டு வரைக்கும் மலிவு விலைக் கிளாரினெட்டுகளைச் செய்து குவித்தன. "அபூர்வ ஆல்பர்ட் கிளாரினெட்" என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் முத்திரையில் ஆல்பர்ட் என்ற பெயரும் பிரஸ்ஸல்ஸ் என்ற ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது அமைப்பின் பெயர் மட்டும்தான்.

முத்திரையில் தெரியும் ஆண்டுகளை வாத்தியத்தின் வயது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய பிரெஞ்சு முத்திரைகளில் கண்காட்சிப் பதக்கங்களின் ஆண்டுகள் இருக்கும். '1889' என்று இருந்தால் அந்த வாத்தியம் 1889-க்கு முந்தையது அல்ல என்பது மட்டுமே உறுதி. அதற்கு முப்பது வருடம் கழித்தும் அதே முத்திரையை அடித்திருக்கலாம். காப்புரிமை எண்ணுக்கும் இதே கணக்குதான்.

நாட்டின் பெயரும் உதவும். அமெரிக்கச் சட்டம் 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் 1918-க்குப் பிறகு. 'ஜெர்மனி, அமெரிக்க மண்டலம்' என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த சில வருடங்கள். "1900-ஐச் சேர்ந்த செக்கோஸ்லோவாக்கிய கிளாரினெட்" என்று விற்க வந்தால் அந்த வரியே தன்னைப் பொய்யாக்கிவிடுகிறது.

படி 4: எண்ணை விசாரியுங்கள்

பஃபே, செல்மர், லெப்லான், பூஸி அண்ட் ஹாக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு எண்-ஆண்டுப் பட்டியல்கள் இருக்கின்றன. பாரிஸ் செல்மரில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து வரும். அந்த எழுத்துத்தான் காலத்தைச் சொல்லும், எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பட்டியல்களை ஓரிரு வருடம் முன்னே பின்னே என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எண் அடித்த நாள் ஒன்று, விற்ற நாள் ஒன்று.

மூன்று விஷயங்களைப் பாருங்கள். மேல் பாகத்து எண்ணும் கீழ் பாகத்து எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுவேறு என்றால் இரண்டு உடைந்த வாத்தியங்களில் இருந்து ஒன்று உருவாகியிருக்கிறது. வாசிக்கலாம், ஆனால் சேகரிப்பாளர் விலை அதற்குக் கிடையாது. அடுத்து, ஒரு நிறுவனத்தின் பட்டியலை அதன் இரண்டாம் வரிசை வாத்தியத்துக்குப் பொருத்தக் கூடாது. எவெட் எண்ணைப் பஃபே பட்டியலில் தேடினால் ஏதோ ஓர் ஆண்டு வரத்தான் செய்யும், அது தவறான ஆண்டு. மூன்றாவதாக, எண்ணே இல்லாவிட்டால் அது பழமைக்கான அடையாளம் ஆகிவிடாது. மலிவான ஸ்டென்சில்களில் எண் அடிக்கவே இல்லை.

எண் இன்னொன்றையும் சொல்லும். அது ஐந்து இலக்கத்திலோ ஆறு இலக்கத்திலோ இருந்தால், அந்த நிறுவனம் எத்தனை செய்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. 'அபூர்வம்' என்று அச்சிட்ட விளம்பரத்திலேயே சில சமயம் மறுப்பும் அச்சாகியிருக்கிறது.

ஆர்13 பற்றி ஒரு குறிப்பு. அந்தப் பழைய வாத்தியங்களில் மாடல் பெயரை அடிக்கவில்லை. அதனால் மாடல் பெயர் இல்லாத எந்தப் பஃபேயையும் ஆர்13 என்று சொல்லிவிட முடிகிறது. எண்ணும் உள்துளை அளவும்தான் அங்கே தீர்ப்புச் சொல்லும்.

படி 5: கீகளை எண்ணுங்கள்

இன்று பெரும்பாலானோர் வாசிக்கும் போம் என்ற கீ அமைப்பில் 17 கீ, விரல் துளைகளைச் சுற்றி 6 வளையம். இந்த அமைப்பைக் குளோசே என்ற வித்வானும் லூயி-ஆகஸ்ட் பஃபே என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1839-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார்கள். ஆக, வளையங்களோடு கூடிய போம் கிளாரினெட்டை "1820-கள்" என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

20 கீ, 7 வளையம் இருந்தால் அது முழு போம். தாழ்ந்த ஈ பிளாட் வரை இறங்கும், இடது கைச் சுண்டுவிரலுக்குக் கூடுதல் நெம்புகோல் இருக்கும், கீழ் நீளமும் சற்று அதிகம். சாதாரணத்தைவிட நிஜமாகவே குறைவாகச் செய்தவை இவை. இத்தாலியில் ஒரு காலத்தில் இவற்றுக்கு நல்ல மதிப்பு இருந்தது. விளம்பரத்தில் 'முழு போம்' என்று இருந்தால் நம்பிவிடாமல் படத்தை வைத்து எண்ணுங்கள். 17 கீ வாத்தியத்தையும் முழு போம் என்று எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாசியோ அமைப்பு இதற்கு நேர்மாறான பாடம். பாஸ்டன் சிம்பொனியில் வாசித்த ரொசாரியோ மாசியோ யோசித்த அமைப்பு அது, செல்மர் தயாரித்தது. சாதாரண போமோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் இருக்கும். ஆனாலும் வாங்க ஆள் இல்லை, விரல் பழக்கம் வேறு, பழுது பார்ப்பவர்களும் அதைத் தொடத் தயங்குவார்கள். அபூர்வம் என்பது உண்மை, மலிவு என்பதும் உண்மை.

போமுக்கு முந்தைய பாக்ஸ்வுட் கிளாரினெட்டுகள் தனி உலகம். மஞ்சள் மரம், பித்தளைக் கீகள் ஐந்தோ ஆறோ, மரத்திலேயே கடைந்த மேடுகளில் கீகள் உட்கார்ந்திருக்கும். இந்த மேடுகள் மரத்தோடு மரமாக இருக்க வேண்டும். ஒட்டுப்போட்ட தடம் தெரிந்தால் அது பின்னாளைய வேலை, அல்லது அலங்காரத்துக்குச் செய்த பொம்மை.

படி 6: அளந்து பாருங்கள், சுருதி முக்கியம்

இதை நான் என் பணத்தைக் கொடுத்துக் கற்றேன். பல வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் இருந்து தபாலில் ஒரு பழைய பி பிளாட் கிளாரினெட் (இன்று அதிகம் புழங்கும் அளவு) வாங்கினேன். "அபூர்வமான சிறிய அளவு" என்று விற்பவர் எழுதியிருந்தார். அந்த 'சிறிய' என்ற சொல்லில் நான் மயங்கிப்போனேன். பெட்டி வந்தது, ரீடு கட்டி ஊதினேன். நாதம் அருமை. டியூனரை வைத்தால் முள் எல்லா சுரத்திலும் ஒரே மாதிரி மேலே போய் நின்றது, கிட்டத்தட்ட கால் சுரம். பேரலை இழுத்துப் பார்த்தேன். ஒன்று இறங்கினால் இன்னொன்று கெட்டது. அப்புறம்தான் கீழ் பாகத்தை விளக்கடியில் திருப்பினேன். முத்திரைக்குக் கீழே, கடுகளவில், 'எச்.பி.' என்ற இரண்டு எழுத்து. விளம்பரப் படம் சரியாக அதற்கு மேலே வெட்டப்பட்டிருந்தது.

எச்.பி. என்றால் உயர் சுருதி. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஏ சுரம் நொடிக்கு 452 அதிர்வு அளவில் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920-களின் இறுதி வரைக்கும் அதை விடவில்லை. இன்றைய 440-க்கு அது ஒத்துவராது. எல்.பி. என்ற எழுத்து இருந்தால் தாழ் சுருதி, அதாவது இன்றைய சுருதிக்குப் பக்கத்தில். எழுத்தே இல்லை என்றால் அளவுகோல்தான் கதி. மௌத்பீஸ் இல்லாமல் பேரல் நுனியில் இருந்து பெல் வாய் வரை அளந்தால், இன்றைய பி பிளாட் சுமார் 59 முதல் 60 சென்டிமீட்டர் இருக்கும். உயர் சுருதி வாத்தியம் 57, 58-ல் நின்றுவிடும். ஏ கிளாரினெட் சுமார் 63, சி கிளாரினெட் 53-ஐ ஒட்டி. 61, 62 என்று இடையில் வந்தால் அது உயர் சுருதி ஏ கிளாரினெட்டாக இருக்கலாம். "அளவு வித்தியாசமான அபூர்வ பி பிளாட்" என்று அதை விற்பார்கள்.

நம் பக்கத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேற்கத்திய இசைக்குழுவுக்கு உயர் சுருதி வாத்தியம் பயன்படாது. கர்நாடக இசையைத் தனியாக வாசிப்பவருக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. மின்னணுச் சுருதிப்பெட்டியை வாத்தியத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் கிளாரினெட்டைக் கேட்டு வளர்ந்து, வீட்டில் தனியாக வாசிக்க ஒன்று வேண்டும் என்பவர், மலிவாகக் கிடைக்கும் உயர் சுருதி வாத்தியத்தைத் தெரிந்தே வாங்கலாம். கீபோர்டோடோ ஆர்மோனியத்தோடோ வாசிக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

நீளத்தோடு உள்துளையையும் கேளுங்கள். லண்டனின் பூஸி அண்ட் ஹாக்ஸ் 1010 மாடலுக்கு உள்துளை சுமார் 15.2 மில்லிமீட்டர், பிரெஞ்சு வாத்தியங்களைவிட அகலம். இங்கிலாந்து வித்வான் ஜாக் பிரைமர் வாசித்தது அந்த மாடல்தான். அதற்கென்று தனி மௌத்பீஸ் வேண்டும், சாதாரண மௌத்பீஸ் போட்டால் சுருதி சேராது. அதே நிறுவனத்தின் ரீஜண்ட், எட்ஜ்வேர் மாடல்கள் எங்கும் கிடைக்கும் சாதாரண வாத்தியங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விற்பவர் 1010 மாடலின் விலை கேட்டால், வெர்னியர் அளவுகோலால் அளந்த உள்துளை அளவைக் கேளுங்கள்.

படி 7: வெள்ளியா, ஈட்டியா, எபோனைட்டா?

"வெள்ளி கிளாரினெட், மிக அபூர்வம்" என்று வருவதில் பெரும்பாலானவை 1920, 30-களில் அமெரிக்கப் பள்ளி பேண்டுகளுக்காகச் செய்த உலோகக் கிளாரினெட்டுகள். பிளாஸ்டிக் வந்த பிறகு அவை மறைந்தன. கணக்கில்லாமல் செய்தார்கள், இன்றும் ஏராளமாகக் கிடக்கின்றன. சுவரில் மாட்டவும் மேசை விளக்கு செய்யவும் வாங்குகிறார்கள். விதிவிலக்குகள் உண்டு: பாஸ்டனில் புல்லாங்குழலுக்குப் பேர்போன ஹெய்ன்ஸ் பட்டறையின் இரட்டைச் சுவர் கிளாரினெட், கிளீவ்லாண்டின் சில்வர் கிங், பாஸ்டனின் கண்டி-பெட்டனி செய்த சில்வா-பெட். இவற்றுக்கும் பெயரும் நிலையும் பார்த்துத்தான் விலை.

பெரும்பாலான உலோகக் கிளாரினெட்டில் வெள்ளி இருப்பது முலாமில் மட்டும். உள்ளே ஜெர்மன் சில்வர், அதாவது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. வெள்ளி கறுக்கும், ஜெர்மன் சில்வர் மங்கி லேசாகப் பச்சை மஞ்சள் காட்டும். விரல் அதிகம் படும் கீயின் ஓரத்தைப் பாருங்கள், முலாம் தேய்ந்து அடியில் வேறு நிறம் தெரியும். திட வெள்ளி என்றால் முத்திரை வேண்டும். இங்கிலாந்து வேலையானால் நடக்கும் சிங்கம், பிரெஞ்சு வேலையானால் மினர்வா தலை. காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்லும் யோசனை பயனற்றது, வெள்ளியும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது.

மரம் என்றால் பெரும்பாலும் கிரனடில்லா. தான்சானியா, மொசாம்பிக் பகுதியில் வளர்வது, நம் ஈட்டி மரத்தின் இனம். எபோனைட்டை (கடினமாக்கிய ரப்பர்) மரம் என்று விற்பதும், மரத்தை எபோனைட் என்று நினைப்பதும் சகஜம். எபோனைட் வெளிச்சம் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாகியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும். மரமானால் மூட்டின் நுனியிலும் உள்துளைச் சுவரிலும் ரேகை தெரியும். எதுவும் இல்லாமல் ஒரே சீராகப் பளபளத்தால் பிளாஸ்டிக்.

கீயின் வேலைப்பாடும் பேசும். நல்ல வாத்தியத்தின் கீ வளையும், உடையாது. மலிவாக வார்த்து எடுத்த கீ வளைக்க முயன்றால் முறிந்துவிடும், அடிப்பக்கத்தில் அச்சின் விளிம்புக்கோடு தெரியும். 'கைவினைஞர் செய்தது' என்ற விளம்பரத்துக்கு அந்தக் கோடு ஒன்றே பதில்.

படி 8: எவ்வளவு அசல்?

பேரலும் பெல்லும் எளிதாக மாறிப்போகும் பாகங்கள். அவற்றின் முத்திரை உடலின் முத்திரையோடு எழுத்து வடிவம் வரைக்கும் ஒத்திருக்க வேண்டும். பி பிளாட் பேரல் வழக்கமாக 65 முதல் 67 மில்லிமீட்டர் வரை இருக்கும். 62, 63 என்றால் யாரோ சுருதி ஏற்றுவதற்காக வெட்டியிருக்கலாம். பழைய கிளாரினெட்டில் விரிசல் சகஜம், பெரும்பாலும் மேல் பாகத்தில், மேலிருந்து கீழாக. அழகாக அடைத்து, குறுக்கே உலோக ஊசி செருகி நிறுத்திய விரிசல் வாசிப்பைக் கெடுக்காது, சேகரிப்பு விலையைக் குறைக்கும். விற்பவர் அதைச் சொல்லியிருந்தால் அவர் மேல் எனக்கு நம்பிக்கை கூடும். துளைகளின் ஓரம் வட்டம் கெட்டு, ஒரு துளை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் சுருதிக்காகக் குடைந்திருக்கிறார்கள். அந்த வாத்தியம் செய்தவரின் வாத்தியமாக இனி இல்லை.

படி 9: யார் வாசித்தது என்ற கதை

ஜாஸ் வித்வான்கள் பென்னி குட்மேன், சிட்னி பெஷே பெயர்கள் அடிக்கடி வரும். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் வித்வான்கள் பலர் ஆல்பர்ட் அமைப்பு வாசித்தார்கள் என்பது உண்மை. "ஜாஸ் மேதைகள் வாசித்த வகை" என்ற வாசகத்தில் பொய் இல்லை, உங்கள் வாத்தியத்தைப் பற்றிய தகவலும் இல்லை. 'வகை' வேறு, 'இது' வேறு. இந்த எண் கொண்ட இந்த வாத்தியம் அவரிடம் இருந்தது என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றாவது வேண்டும். எண் இல்லாத கடிதம், பெட்டிக்குள் ஒட்டிய பெயர்ச் சீட்டு இவையெல்லாம் எந்த வாத்தியத்தோடும் சேர்ந்துகொள்ளும்.

படி 10: எத்தனை இருக்கின்றன, எத்தனைக்குப் போகிறது?

செய்தவர் பெயர் உறுதியானதும் அருங்காட்சியகப் பட்டியல்களில் தேடுங்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் ஷாக்கிள்டனின் சேகரிப்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் புவியியல் விஞ்ஞானியாக இருந்தவர், 2006-ல் மறைந்தார். தான் சேர்த்த நூற்றுக்கணக்கான கிளாரினெட்டுகளை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றார். பிரஸ்ஸல்ஸ் வாத்திய அருங்காட்சியகமும் லா கூத்தூர்-புஸ்ஸே ஊரின் அருங்காட்சியகமும் இதே போல் பெரிய துணை. அங்குள்ள படத்தோடு உங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்து, கீயின் வளைவு, துளையை மூடும் கீ நுனிக் கிண்ணத்தின் வடிவம், முத்திரை எழுத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எனக்கு இந்த வேலை வாங்குவதைவிட அதிக சந்தோஷம் தருகிறது.

விலைக்கு, கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். அதே மாடல் உண்மையில் விற்றுமுடிந்த தொகைகளை ஏலங்களில் தேடி எடுங்கள். ஒரு வாத்தியம் ஒரு வருடமாக அதே உயர்ந்த விலையில் கிடக்கிறது என்றால், அந்த விலை யாரும் ஒப்புக்கொள்ளாத விலை. கூடவே பேட் (கீக்கு அடியில் துளையை மூடும் மெத்தை), கார்க் எல்லாம் மாற்றும் செலவையும் கழித்துப் பாருங்கள். 'வாசிக்கத் தயார்' என்று எழுதிய பழைய வாத்தியத்தில் நான் பேட் மாற்றாமல் விட்டது ஒன்றோ இரண்டோதான்.

வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதானால்

கிரனடில்லா உள்ளிட்ட ஈட்டி இனம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பர் 26 முதல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கு கிடையாது. தந்தத்துக்கும் இல்லை. பழைய பாக்ஸ்வுட் கிளாரினெட்டுகளின் மூட்டு வளையம் தந்தமாக இருக்கலாம். வெள்ளை வளையத்தில் குறுக்குமறுக்காக வலைபோல் ரேகை தெரிந்தால் வாங்கவே வேண்டாம், இந்தியாவுக்குள் அதைக் கொண்டுவருவது சட்டப்படி பெரிய சிக்கல். வளையம் எலும்பா, கொம்பா, தந்தமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெட்டி கையில் வந்ததும் அன்றே ஊதத் துடிப்பீர்கள். பொறுங்கள். முதலில் படத்தில் பார்த்த எண்ணும் கையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நீளத்தை மறுபடி அளங்கள். வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் எழுதிவிடுங்கள். எல்லாம் சரியென்றால் ஒரு வாரம் அறையிலேயே கிடக்கட்டும், நம் ஊர்க் காற்றுக்கு மரம் பழகட்டும். பிறகு முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம், ஒவ்வொரு முறையும் உள்துளையைத் துணி விட்டுத் துடைத்துவிடுங்கள். பல வருடம் ஊதாமல் கிடந்த மரம் திடீர் ஈரத்தில்தான் வெடிக்கும்.

திருச்சித் தம்பி 41 ஆயிரத்துச் சொச்சம் எண் கொண்ட அந்தப் பஃபேயை வாங்கிவிட்டார். எண்ணையும் ஆண்டையும் விற்பவருக்கு எடுத்து எழுதியதும் அவரே விலையைப் பாதிக்குக் கீழே இறக்கினார். இப்போது பத்து நிமிடக் கட்டத்தில் இருக்கிறார்.